சைக்கிளை விட்டு இறங்குவது பற்றி

இந்த நாட்டுச் சட்டத்தில் சைக்கிள் ஓரிடத்தில் வருகிறது. போக்குவரத்து விதிகளில் வருவதைச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றங்களை வரிசைப்படுத்தும் மூன்றாவது பிரிவில் புதிதாகச் சில சேர்ந்தன. தலித்துகளும் பழங்குடிகளும் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுத்தால் குற்றம். செருப்புப் போடுவதைத் தடுத்தால் குற்றம். புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் ஏறுவதைத் தடுத்தால் குற்றம்.

சட்டம் எழுதுகிறவர்கள் கற்பனைக் கதை எழுதுகிறவர்கள் அல்ல. நடக்காத ஒன்றுக்குத் தண்டனை எழுதி வைக்க மாட்டார்கள். 2014இல் செவ்வாய்க் கோளின் சுற்றுப்பாதையில் கலத்தைச் சேர்த்த நாடு, அதற்கு மறுவருஷம் உட்கார்ந்து, ‘சேரிக்காரன் சைக்கிளில் போனால் தடுக்காதே’ என்று எழுத வேண்டியிருந்தது. பொதுத்தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நடப்பதற்கு அது. ஏறிப் போவதற்கு இன்னும் 91 வருஷம் ஆகியிருக்கிறது. எழுதி வைத்த பிறகும் என்ன ஆயிற்று? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்பதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள் என்று புகார் பதிவானது. காலை அல்ல, கையை. வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கை.

இந்தச் சைக்கிள் விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் உடனே ஒரு கேள்வி வருகிறது. ஆதிக்கசாதி நண்பர்கள் மட்டும் கேட்பதில்லை, நம்மாட்களே கேட்கிறார்கள். “நாலு தப்படி எறங்கித் தள்ளிக்கிட்டுப் போனா என்ன கொறஞ்சா போச்சு? தெருவு முடிஞ்சதும் ஏறிக்க வேண்டியதுதானே?” நிலம் இல்லை, வேலை இல்லை, பஞ்சமி நிலத்தை மீட்க வழியில்லை, இதுல சைக்கிள் ஒரு கேடா என்கிறார்கள். அரசியல் கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒழுக்கம் சம்பந்தமான கேள்வி. ஒரு மனிதனை அரை நிமிஷம் தரையில் இறங்கச் சொல்வதில் என்ன தீங்கு இருக்கிறது? அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு காசு பிடுங்கவில்லை.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடக்கே. அப்பாவிடம் ஒரு பழைய ஹெர்குலிஸ் இருந்தது. முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து ஓட்டுவார். சேரியிலிருந்து பஸ் போகும் ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெருமுனைப் புளியமரம் வந்ததும் பெடல் மிதிப்பது நிற்கும். நான் இறங்குவேன், அப்பா இறங்குவார். செருப்பு கழன்று கேரியருக்குப் போகும். தலையில் இருக்கிற துண்டு இடுப்புக்கு வரும். தெருவின் மறுமுனையில் இதெல்லாம் தலைகீழாக நடக்கும். அந்தத் தெருவுக்கு அவர் செலவழித்த நேரத்தை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். போக வர ஆறு நிமிஷம் என்று வைத்தாலும் முப்பது வருஷத்தில் ஆயிரம் மணிக்கு மேல் வருகிறது. சரி, நேரத்தை விடுங்கள்.

இதே அப்பா சேரிக்குள்ளும் சைக்கிளை விட்டு இறங்குவார். எதிரே அவருடைய தாய்மாமன் வந்தால் இறங்குவார். “ஏறிப் போ மாப்ள, வெயிலு ஏறுது” என்று மாமன் சொல்வார். “இருக்கட்டும் மாமா” என்று நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஏறுவார். உடம்பு செய்கிற காரியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பிரேக், கால், தரை. வெளியூர்க்காரன் ஒருவன் படம் பிடித்தால் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் சொல்ல மாட்டான். மாமன் முன்னால் இறங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாமனுக்கு மனசு வருத்தப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஊர்த்தெருவில் இறங்காமல் போயிருந்தால்? மரியாதை என்பது கொடுக்காமல் இருக்க முடிந்தவன் கொடுப்பது. கொடுக்காமல் இருக்க வழியில்லாதவனிடமிருந்து வாங்குவதற்கு வேறு பேர். ஊர்த்தெருக்காரர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு மரியாதை என்று பேர் எழுதி ஒட்டினார்கள். என் அப்பாவிடம் இருந்த நல்ல பழக்கம் ஒன்றையே அவருக்கு எதிரான ஆயுதமாக்கினார்கள். இறங்கச் சொன்னதில் உள்ள தீங்கு என்று நான் இதைத்தான் சொல்வேன். மாமனுக்காக இறங்குகிறபோதும் புளியமரத்தின் ஞாபகம் காலில் இருந்திருக்கும். அன்பாகச் செய்த காரியத்திலும் கொஞ்சம் விஷம் கலந்துவிட்டது.

ஊர்த்தெருவுக்குச் சைக்கிள் மேல் ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று யோசித்திருக்கிறேன். ஒன்று, உயரம். சீட்டில் உட்கார்ந்தவன் தலை, திண்ணையில் உட்கார்ந்தவன் தலைக்கு மேலே போகிறது. இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேகம். நடந்து போகிறவனை நிறுத்தலாம். “எங்கடா போற? மூட்டையில என்ன? உம்மவ என்ன படிக்கிறா? இன்னுமா படிக்கிறா?” என்று விசாரிக்கலாம். அவன் நின்று, குனிந்து, பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் தெருவைக் கடப்பதற்கு இந்தப் பதில்கள்தான் சுங்கம். சைக்கிளில் போகிறவன் அந்தக் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிடுகிறான். கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது. கேட்டவன் வாயில் அது கசக்கத்தானே செய்யும்?

வாகனம் என்பது எப்போதுமே இங்கே ஒழுக்கப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. எம்.ஏ. தமிழில் திருக்குறள் உரைகளை ஒப்பிடச் சொல்வார்கள். அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் பல்லக்கைச் சுமக்கிறவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் காட்டிப் பேசுகிற குறள் ஒன்று உண்டு. பரிமேலழகர் அதற்கு, அறத்தின் பயன் இன்னது என்று நூல் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை, இவர்கள் இருவரையும் பார்த்தாலே தெரியும் என்கிற பொருளில் உரை செய்கிறார். மேலே இருக்கிறவன் போன பிறவியில் அறம் செய்தவன், கீழே இருக்கிறவன் செய்யாதவன். பின்னால் வந்த சிலர், இவர்கள் இருவரையும் காட்டி ‘இதுதான் அறம்’ என்று சொல்லாதே என்று அதே குறளுக்குப் பொருள் கொண்டார்கள். ஒரு சொல்லை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதில் சுமக்கிறவன் தோள் காலகாலத்துக்கும் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. வகுப்பில் இரண்டு உரையையும் எழுதினால் முழு மதிப்பெண். சுமந்தவன் என்ன உரை சொல்லியிருப்பான் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. சைக்கிள் வந்து அந்தக் குறளின் காட்சியையே கலைத்துவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசை. சுமக்கிறவனும் ஏறிப் போகிறவனும் இதில் ஒரே ஆள். யாருடைய தோளும் தேவையில்லை, யாருடைய போன பிறவியும் தேவையில்லை.

ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1893இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி சட்டை போட்டு, காளை பூட்டி, புலையர் நடக்கக்கூடாத பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மாடும் வண்டியும் அவர் காசு. கேட்டு வாங்கிய அனுமதி எதுவும் இல்லை. 1901இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அப்பா இருக்கிற கோரேகாவுக்குப் போக மாட்டுவண்டி வேண்டும். மகார்ப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் யாரும் வண்டி ஓட்ட வரவில்லை. கடைசியில் இரட்டை வாடகை பேசி ஒருவன் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு. பிள்ளைகள்தான் வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான். வண்டிக்குச் சொந்தக்காரன் தரையில், தீண்டத்தகாத பிள்ளைகள் வண்டியில். மேலோட்டமாகப் பார்த்தால் பல்லக்கு தலைகீழானது போல இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. மேலே உட்காருவதே விடுதலை என்று நினைக்கிறவர்கள் அந்த ராத்திரியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவரே எழுதிய இன்னொரு சம்பவம் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது. 1929, சாலிஸ்காவ். அம்பேத்கர் அப்போது பாரிஸ்டர். ஊர்க் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட மறுத்தார்கள். தலைவர் நடந்து வருவது நமக்குக் கேவலம் என்று அங்கிருந்த மகார் மக்கள் நினைத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குப் பேசி, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். ஒரு சிறு பாலத்தில் சக்கரம் மாட்டியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. எலும்பு முறிந்து பல நாள் படுத்திருந்தார். கௌரவத்தைப் பார்த்தவர்கள் பயணியின் பாதுகாப்பைப் பார்க்கவில்லை என்று அவர் பின்னால் எழுதுகிறார். அவர்கள் மேல் கோபப்பட்டு எழுதவில்லை. கௌரவம் எல்லாருக்கும், எலும்பு ஒருவருக்கு. எந்த ஊர்வலம், எந்தப் பயணம், எந்த நுழைவுப் போராட்டம் என்றாலும் ஏற்பாடு செய்கிறவர்கள் முன்னால் இந்தக் கணக்கு நிற்கிறது.

இனி கூட்டமாகப் போவது பற்றி. நம் பக்கத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் நடந்தது புதுக்கோட்டையில்தான். 1974 வரை பழைய திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த மண். 1991இல் அறிவொளி இயக்கம் அங்கே வேகம் பிடித்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்கள் உள்கிராமங்களுக்கு எப்படிப் போவது? அவர்கள் சைக்கிள் கற்றுக்கொள்ளட்டும் என்று அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முடிவு செய்தார். பிறகு கற்றுக்கொள்ள வந்த பெண்களும் சைக்கிள் கேட்டார்கள். 1992 மகளிர் நாளை ஒட்டி 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் தரும் கணக்கு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அது ஒரு வசதி. அதே 1992 செப்டம்பரில் அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் ‘கிரிட்டிகல் மாஸ்’ என்று சைக்கிள்காரர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள் என்று இப்போது எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். கார்களிடமிருந்து ரோட்டை மீட்பது அவர்கள் பிரச்சினை. கல்குவாரிப் பெண்கள் அதற்கு ஆறு மாதம் முன்பே கிளம்பிவிட்டார்கள் என்பதை யாராவது எழுதி வைக்கட்டும் என்றுதான் இங்கே சொல்கிறேன்.

என் பெரியம்மா கீரனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். கல் உடைக்கப் போனவர். 1992இல் முப்பது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார். அவரிடம் அந்த ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டால், கண்கள் பளபளக்கக் கதை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அன்னைக்கு என்னாடி பயம்? ஆயிரம் பேரு போறம். போலீசுக்காரன் வண்டிய நிறுத்தி வழி உடுறான். மறுநாத்து காலையில குவாரிக்குத் தனியாப் போனேன் பாரு, அப்பத்தான் தொடை ரெண்டும் நடுங்குச்சு. ரோட்டுல ஒவ்வொருத்தனும் நின்னு பாக்குறான். ஒரு மாசம் பாத்தானுவ. அப்புறம் ஒரு நாளு யாருமே பாக்கல. நான் போறேன், டீக்கடையில அவனவன் பேப்பர் படிக்கிறான். அன்னைக்குத்தான்டி சைக்கிள் ஓட்டுனேன்” என்றார்.

உரிமை என்பது என்ன என்று கேட்டு நான் படித்த புத்தகங்களில் இதைவிட நல்ல விளக்கம் வாசித்ததில்லை. யாரும் திரும்பிப் பார்க்காமல் ஒரு காரியத்தைச் செய்ய முடிவது. கைதட்டலும் அதில் சேராது. பெண் என்ற அளவில் பெரியம்மா அதை அடைந்தார். இன்னொன்றும் சொன்னார், சாதாரணமாக, வெற்றிலையை மடித்துக்கொண்டே. “ஊர்த்தெருவுல மட்டும் எறங்கிக்குவேன். அது எப்பவும் உள்ளதுதானே.” ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் ஓட்டிய மாவட்டத்தில் சாதி சைக்கிளை விட்டு இறங்கவில்லை. முப்பது வருஷம் கழித்து 2022 டிசம்பரில் அதே மாவட்டத்தில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கண்டார்கள். அறிவொளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இயக்கம் இல்லாவிட்டால் பெரியம்மா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஒரு கதவு திறப்பதால் அடுத்த கதவு தானாகத் திறக்காது என்பது பழைய பாடம்தான்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதல் கூட்டுச் சைக்கிள் பயணத்தில் நான் சேர்ந்தேன். வாசகர் வட்டத்து நண்பர்கள் ஏற்பாடு. உறையூரில் கிளம்பி, சாலை ரோடு, சத்திரம், அண்ணா சிலை, காவிரிப் பாலம், மாம்பழச்சாலை வழியாகத் திருவரங்கம். மொத்தம் 41 சைக்கிள். விடுதி மாணவர்கள் அதிகம், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகள் மூன்று பேர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு நர்ஸ். பாதிக்கு மேல் அரசு கொடுத்த பள்ளிக்கூடச் சைக்கிள். 2001இல் தலித், பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டம், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனது. இன்றைக்குச் சேரியில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பயணத்தின் நோக்கம் என்ன என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, ‘உடல்நல விழிப்புணர்வு’ என்று எழுதினார் ஆசிரியர். பொய்யில்லை. சைக்கிளில் போய் அடி வாங்காமல் வீடு திரும்புவது உடம்புக்கு நல்லதுதான்.

வழியை உறையூரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. திருப்பாணாழ்வார் கதை எல்லாருக்கும் தெரியும். உறையூர்ப் பாணர். தீவுக்குள் கால் வைக்கக்கூடாதவர் என்பதால் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடியவர். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனி விலகச் சொல்கிறார், இவர் காதில் விழவில்லை, முனி கல்லை விட்டெறிகிறார், நெற்றியில் ரத்தம். சந்நிதியில் பெருமாள் நெற்றியிலும் ரத்தம். அவனைத் தோளில் சுமந்து வா என்று ஆணை. முனியைத் தோளேறி வந்ததால் ‘முனிவாகனர்’ என்று பேர். சமத்துவத்துக்கு உதாரணம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பல்லக்கு தலைகீழானதற்கு இதைவிட என்ன சாட்சி என்பார்கள். எனக்குச் சில சந்தேகங்கள். வாகனம் யாருடைய ஏற்பாடு? பாணர் கேட்கவில்லை. அவர் தயங்கினார் என்றுதான் கதையே சொல்கிறது. தோளில் வந்ததால் அவர் கால் கடைசிவரை திருவரங்கத்து மண்ணில் படவில்லை. தெரு இருந்தபடியே இருந்தது. சந்நிதிக்குள் போனவர் பத்துப் பாசுரம் பாடி அங்கேயே கலந்துவிட்டார், திரும்பி வரவில்லை. நந்தனும் திரும்பி வரவில்லை. உள்ளே போன நம் ஆட்கள் யாரும் வெளியே வந்து, “வாங்கய்யா, வழி இருக்கு, நானே பார்த்துட்டு வந்துட்டேன்” என்று மிச்சப் பேரைக் கூப்பிட்டதாகப் புராணம் கிடையாது. ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போவது, அவனைத் திரும்பவிடாமல் செய்வது, பிறகு அவனுக்குத் திருநாள் எடுப்பது. 41 பேரும் போனது போல வீடு திரும்ப வேண்டும் என்பதை நாங்கள் எழுதாத விதியாக வைத்துக்கொண்டோம்.

பயணத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1976இல் கட்டிய அந்தப் பாலத்தில் விடியற்காலைக் காற்றில் நாற்பது பெல்லும் ஒன்றாக அடிக்கிறபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஹெல்மெட்டும் வழுவழுப்பான பனியனும் போட்டு விலை உயர்ந்த சைக்கிளில் போகிற உடற்பயிற்சிக்காரர்கள் எதிரே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எங்களையும் அவர்களில் ஒரு பிரிவு என்று நினைத்திருப்பார்கள். அம்மா மண்டபத்துப் பக்கம் முழுகிவிட்டு வந்த பெரியவர்கள் சிலர் கைதட்டினார்கள். ராஜகோபுரத்துக்கு எதிரே, 2006இல் வைத்த பெரியார் சிலைக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தோம். 1987இல் கட்டி முடித்த 236 அடிக் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். சித்திரை வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றினோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வீதிகளில் அந்த நேரத்தில் எங்களைத் தவிரச் சக்கரம் வைத்துக்கொண்டு இருந்தவர்கள் குப்பை வண்டி தள்ளிக்கொண்டிருந்த பெண்கள். எங்களோடு வந்த பிள்ளை ஒருத்தி, “அம்மா!” என்று கத்திக் கையை ஆட்டினாள். தள்ளுவண்டியை நிறுத்தாமலே அந்த அம்மா, “வேடிக்கை பாக்காம ஓட்டுடி, பஸ்ஸு வருது” என்றார். கைதட்டினவர்கள் வீட்டு வாசலைத்தான் அவர் பெருக்கிவிட்டு வந்திருந்தார். ஒரே சாதி, ஒரே வீடு, ஒரே தெரு. தள்ளிக்கொண்டு போனால் கண்ணுக்குத் தெரிவதில்லை, கூட்டமாக ஏறி வந்தால் கைதட்டல். இரண்டிலும் எங்களை யாரும் ஆளாகப் பார்க்கவில்லையோ என்று எனக்கு உறுத்தியது. பக்கத்தில் வந்த ஆசிரியரிடம் சொன்னேன். “அம்மாடி, காலையில கொஞ்ச நேரமாவது சந்தோஷமா இரு” என்றார். அதுவும் நியாயம்.

திரும்பி வந்து உறையூரில் இட்லி சாப்பிடும்போதுதான் பேச்சு சூடு பிடித்தது. ஆத்துக்கு வடக்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவன் ஒருவன் எல்லாரும் பேசி முடிக்கிறவரை சும்மா இருந்தான். பிறகு சொன்னான். “அக்கா, சீரங்கத்துல ஓட்டுறது பெரிய விஷயமில்ல. இங்க யாருக்கும் என்னத் தெரியாது. எங்க ஊர்ல பால் சொசைட்டி முன்னால ஓட்டணும். லீவுக்குப் போனா நான் இப்பவும் எறங்கித்தான் போறேன். யாரும் எறங்குன்னு சொல்றதில்ல. சொல்லவேண்டியதில்ல.”

உடனே நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். அடுத்த பயணம் உன் ஊருக்குத்தான், நூறு சைக்கிளோடு வர்றோம், எவன் கேட்கிறான் பார்ப்போம். கூட்டம்தான் நம்ம பலம் என்றார் ஒரு தோழர். அவர் சொன்னதில் தப்பில்லை. தனி ஆளாக நின்று எதையும் பெற்றவர்கள் இல்லை நாம். 1955 டிசம்பரில் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தது ஒரு மாலைப் பொழுது. அதைக் காப்பாற்ற அந்த நகரத்துக் கறுப்பு மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அங்கே எழுந்திரு, இங்கே இறங்கு. ஒரு ஆளின் மறுப்புக்குப் பின்னால் ஒரு ஊரே நடக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நூறு சைக்கிள் அந்தத் தெருவில் போனால் என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கும். அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். படம் எடுப்போம். சாயங்காலம் நாம் பஸ் ஏறிவிடுவோம். அவன் அப்பா அந்தத் தெருவில் யார் வயலிலோ கூலிக்குப் போகிறவர். மறுநாள் காலையில் அவர் மட்டும் தனியாக அந்தப் பால் சொசைட்டி முன்னால் போவார். பெரியம்மா சொன்ன மறுநாள் காலை அதுதான். சாலிஸ்காவில் வண்டியில் ஏற்றிவிட்டவர்கள் எலும்பு உடையவில்லை.

அப்படியென்றால் ஆபத்து வேண்டாம், அவன் பாட்டுக்கு இறங்கியே போகட்டும் என்று விட்டுவிடலாமா? அது எனக்குச் சம்மதமில்லை. பாதுகாப்பு என்று சொல்லிச் சொல்லித்தான் என் அப்பாவை முப்பது வருஷம் இறக்கினார்கள். அவர் இறங்கியதைக் கோழைத்தனம் என்று நம் தோழர்கள் சிலர் பேசுகிறார்கள், கவிதைகூட எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்கம்பியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியவர் அவர். வேறொருவன் எலும்பை வைத்து வீரம் பேசுவது இறங்கச் சொல்கிறவன் செய்கிற காரியத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. இரண்டு பேருமே அவனைக் கேட்பதில்லை. ஏறுவதா இறங்குவதா என்பதைச் சைக்கிளில் இருக்கிறவன் தீர்மானிக்க வேண்டும், என்றைக்கு, எந்த நேரத்தில், எந்த வேகத்தில் என்பது உட்பட. கூட இருக்கிறவர்கள் வேலை, அவன் தீர்மானித்த பிறகு தனியாக விடாமல் இருப்பது. கூட்டமாக மறைக்கவும் கூடாது, தனியாகத் தள்ளிவிடவும் கூடாது. இது சொல்ல எளிது, ரோட்டில் எப்படிச் செய்வது?

அந்த மாணவனிடமே கேட்டோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு, அப்பாவிடமும் பேசிவிட்டு வந்தான். அப்பா முதலில் திட்டியிருக்கிறார். பிறகு, “அறுப்பு முடியட்டும், கூலி பாக்கி வாங்கிக்கிறேன்” என்றாராம். அவன் திட்டம் இது. நூறு சைக்கிள் வேண்டாம், ஒன்பது போதும். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பால் ஊற்ற எல்லாரும் வருகிற சாதாரண நாள் சாயங்காலம். ஒரே வரிசையாகப் போகக்கூடாது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கண்ணெட்டும் தூரம் இடைவெளி. பால் சொசைட்டி முன்னால் போகிறபோது ஒவ்வொருவரும் தனிதான், ஆனால் பின்னால் வருகிற சைக்கிள் பார்வையில் இருக்கும். முதல் சைக்கிள் அவன். ஐந்தாவது நான். வன்கொடுமைச் சட்டத்தின் அந்தப் பிரிவை வழக்கறிஞர் தோழர் ஒருவர் தமிழில் தெளிவாக எழுதி ஒன்பது பேருக்கும் கொடுத்திருக்கிறார். பக்கத்து ஊரில் ஆட்டோவோடு ஒருவர் நிற்பார்.

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தெருவை வரைந்து கொண்டுவந்திருந்தான். பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், பால் சொசைட்டி, அதன் திண்ணை, அதில் வழக்கமாக யார் யார் உட்காருவார்கள் என்று புள்ளி புள்ளியாக. அவன் அப்பா இறங்குகிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. திண்ணையை நெருங்கும்போது பெல் அடிப்பதா வேண்டாமா என்று மட்டும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அடித்தால் திமிர் என்பார்கள், அடிக்காமல் போனால் பயந்துகொண்டு போனது போல ஆகும் என்கிறான். நர்ஸ் அக்கா, குறுக்கே குழந்தை வந்தால் அடி, இல்லாவிட்டால் எதற்கு என்கிறார். அறுப்பு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.